ஆளில்லாத அறையின் முப்பது நொடிகள்

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை 6.10. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில், பின்பக்க ஸ்டோர் ரூமில், ஒரு பாட்டின் முதல் டெமோ பதிவானது. நீளம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி.

பதிவு செய்தவள் கூரியர் அலுவலகம் ஒன்றில் பார்சல் பிரிக்கும் வேலை பார்ப்பவள். அண்ணன் வீட்டில் இருந்தாள். கட்டடத்தில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். வைத்தது அண்ணி. "இந்த வீட்டுல ஆறு மணிக்குப் பால் காயுதோ இல்லையோ, ரேடியோ பாடிடும்" என்று மாடிப்படியில் யாரிடமோ சொன்னது, ஒரே வாரத்தில் நாலு மாடிக்கும் பரவிவிட்டது.

ஸ்டோர் ரூமில் பழைய மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தி, கம்பளிகளைத் தொங்கவிட்டு, அவள் ஒரு ஸ்டுடியோ செய்திருந்தாள். ஒரு மூலையில் கட்டடத்தின் தூண் சுவரிலிருந்து ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து தூரம் என்பதால் மைக்கை அந்த மூலையில்தான் நிறுத்தினாள். கீபோர்டும் ஹெட்போனும் ஒரு பெட்டிமேல் இருந்தன. தெரு விழிக்குமுன் பாடி முடித்துவிட்டு எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புவாள்.

ஒரே பாட்டுதான். அதை வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, அரைகுறையாகவே இணையத்தில் தன் பக்கத்தில் ஏற்றுவாள். கேட்பவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் அவளைப் போலவே வீட்டில் உட்கார்ந்து இசையமைப்பவர்கள். அவர்கள் தங்கள் அரைகுறைகளை ஏற்றுவார்கள், இவள் கேட்டுக் கருத்துச் சொல்வாள். 'இரண்டாவது சரணம் இழுக்குது.' 'பேஸ் எங்கே போச்சு, லீவா?' இப்படி.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் டெமோ பாடுவதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்வாள். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு முப்பது நொடி நிற்பாள். ஆளில்லாத அறையின் சத்தம் மட்டும் பதிவாகும். அதை மென்பொருளுக்குக் கொடுத்தால், 'இதுதான் இரைச்சல்' என்று அது கற்றுக்கொண்டு, பாட்டிலிருந்து அந்தச் சத்தத்தை நீக்கிவிடும். மூச்சுச் சத்தம்கூட அதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் வெளியே நிற்பது. அந்தக் கோப்புகளுக்கு 'மௌனம் 1', 'மௌனம் 2' என்று பெயரிட்டு, தேதியோடு ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்தாள். ஒன்றைக்கூட அவள் போட்டுக் கேட்டதில்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் தரைத்தளத்தில் வேலை தொடங்கியது. அங்கே இருந்த குடோனைக் காலி செய்துவிட்டு, ஹவுஸ் ஓனர் ஃபர்னிச்சர் ஷோரூம் வைக்கப்போகிறார். நடுச்சுவர் போனது. பின்பக்கத் தூண்களின் சதையைச் செதுக்கி ஒல்லியாக்கினார்கள், பெரிய கண்ணாடிக்கு இடம் வேண்டும் என்று. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை இடிக்கும் சத்தம் கேட்டது.

"உனக்குக் கஷ்டமா இல்லையா, இந்த டமால் டுமால்ல?" என்றான் அண்ணன்.

"ஆறு மணிக்கு யாருண்ணா இடிக்கிறாங்க?"

"அதுவும் சரி. ஆறு மணிக்கு நீதான இடிக்கிற."

அண்ணி கட்டிலிலிருந்தே சிரித்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். படுக்கையை விட்டு எழக்கூடாது, படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதற்குமுன் இரண்டு முறை கலைந்திருந்தது. அவள் கட்டில் ஸ்டோர் ரூமுக்கு அடுத்த அறையில், அதே தூணின் மறுபக்கத்தில் கிடந்தது.

பத்தாவது டெமோ ஏறியது மே 6-ல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'பூனைக்காது' என்ற பெயரில் அங்கே கருத்து எழுதுபவர் அவளைப் போனில் அழைத்தார். வேறு ஊர்க்காரர். கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சரிசெய்வது அவர் தொழில். இருவரும் நேரில் பார்த்ததில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. எட்டாவது டெமோல இருந்து உங்க குரல் தண்ணிக்கடியில இருந்து வருது. மைக் மாத்திட்டீங்களா?"

"அதே மைக், அதே ரூம், அதே தொண்டை."

"தொண்டை மேல எனக்குச் சந்தேகம் இல்லை. இரைச்சல் எடுக்கிற மென்பொருள் ரொம்ப எடுக்குது. அதுக்கு என்ன தீனி போடுறீங்க?"

"வெறும் ரூம்தான். முப்பது நொடி."

"அதை என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"மௌனத்தைப் போட்டு யாராவது கேப்பாங்களா?"

"நான் கேப்பேன். என் பொழப்பே அதான். பத்தையும் அனுப்புங்க."

கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். குரலில் கிண்டல் இல்லை.

"அந்த ரூம்ல கடிகாரம் இருக்கா?"

"இல்லை."

"தண்ணிக் குழாய்? ஃப்ரிட்ஜ்?"

"ஒண்ணும் இல்லை. ஏன்?"

"நான் சொன்னா பயமுறுத்துற மாதிரி இருக்கும். நீங்களே கேளுங்க. ஒண்ணுல இருந்து வரிசையா கேளுங்க. ஒலியை நல்லா ஏத்திக்கங்க."

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். முதல் நான்கில் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு நாய், தூரத்தில் ஒரு லாரி. ஐந்தாவதில் ஒரே ஒரு 'டிக்'. குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றினால் வருமே, அந்தச் சத்தம். ஆறில் ஒன்று. ஏழில் இரண்டு. எட்டில் ஐந்து. ஒன்பதில் ஆறு. பத்தில் பதினொன்று. மென்பொருள் ஒலியைப் படமாகவும் காட்டும். மங்கிய நீலத்தில் மேலிருந்து கீழாக ஊசி ஊசியாகக் கோடுகள் நின்றன.

மென்பொருள்மேல் தவறில்லை. ஆளில்லாத அறையில் கேட்பதெல்லாம் இரைச்சல், நீக்கு என்று அவள்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அறை எவ்வளவு அதிகம் சத்தமிட்டதோ அவ்வளவு அதிகமாக அது நீக்கியது. கூடவே குரலிலும் கொஞ்சம் போனது. அவள் ஏற்றிய டெமோக்கள் வாரத்துக்கு வாரம் சுத்தமாகிக்கொண்டே வந்திருந்தன.

திங்கட்கிழமை காலை பதினொன்றாவது மௌனத்தைப் பதிவு செய்தாள். இம்முறை வெளியே போகவில்லை. தூண்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது 'டிக்'. அதில் இரண்டின் அதிர்வு கைக்கே தெரிந்தது.

அண்ணனை எழுப்பிக் கேட்கச் சொன்னாள். அவன் அரைத்தூக்கத்தில் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டான்.

"எலி."

"எலி தூணுக்குள்ள எப்படிண்ணா போகும்?"

"அப்ப பல்லி. ஏம்மா, நீ நாள் பூரா காதுல இதை மாட்டிக்கிட்டே இருந்தா இப்படித்தான் கேக்கும். எனக்கு ஷிஃப்ட் இருக்கு, விடு."

"என்கிட்ட குடு" என்றாள் அண்ணி.

மல்லாந்து படுத்தபடி முழுதும் கேட்டாள். பிறகு ஹெட்போனை வயிற்றின் மேல் வைத்தாள்.

"இது எனக்குத் தெரியும். ராத்திரி பகல்னு இல்லை, முதுகுல வரும். கட்டில் வழியா."

"என்னைக்கு இருந்து?"

"ஒரு மாசம் இருக்கும். நான் கட்டில் ஆணிதான் கழண்டிருக்குன்னு நெனச்சேன். சொன்னா, படுத்தே கிடக்கிறவளுக்கு இதுவும் வேணும் அதுவும் வேணும்பார் உங்கண்ணன்."

அண்ணன் குனிந்து கட்டிலின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். எதுவும் ஆடவில்லை.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்குக் கீழே இறங்கினாள். மேஸ்திரி வாசல்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே இடிக்கும் ஆட்கள் இல்லை. சிமென்ட் சட்டிகள், கடப்பாரை, மரப்பலகை எல்லாம் வெளியே, தெருவின் எதிர்ப்பக்கம் அடுக்கியிருந்தது.

"சாமானெல்லாம் ஏன் வெளியே இருக்கு அண்ணே?"

"உள்ள இடம் பத்தலை பாப்பா."

உள்ளே ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு வெற்றிடம் இருந்தது. அவள் அதையே பார்த்தாள். மேஸ்திரியும் பார்த்தார். பின்பக்கத் தூணில் பூசிய சிமென்ட் ஒரு இடத்தில் உப்பிக்கொண்டு நின்றது.

"நீங்க எல்லாரும் உள்ளதானே படுத்துக்குவீங்க?"

"போன வாரம் வரைக்கும்." டம்ளரைக் கழுவி வைத்தார். "முட்டுக் குடுக்கணும்னு சொன்னோம் பாப்பா. கண்ணாடி வந்து மாட்டினப்புறம் பாத்துக்கலாம்னுட்டார். நாங்க கூலிக்கு வந்தவங்க. நீ படிச்ச பொண்ணு, சொல்லிப் பாரு."

மாலையில் ஹவுஸ் ஓனர் வந்தார். அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"என்னம்மா, பாட்டா?"

"தூண் சத்தம் சார். ஆறு வாரமா கூடிக்கிட்டே போகுது."

"தூண் பாடுதுங்கிறியா? நல்லதாப் போச்சு, உனக்கு ஒத்து ஊத ஆள் கிடைச்சாச்சு." கூட வந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருஷக் கட்டடம்மா இது. நான் நின்னு கட்டினது. வெயிலுக்குச் சிமென்ட் சத்தம் போடும். உங்கண்ணனைப் பேசச் சொல்லு, அவர் விவரமானவர்."

"சார், எங்க அண்ணி இறங்கக்கூட முடியாம மேல கிடக்கிறாங்க."

"அப்ப அவங்களைப் பயமுறுத்தாம இரு. அதுதான் உடம்புக்கு நல்லது."

செவ்வாய்க்கிழமை காலை நகராட்சி அலுவலகத்தில் புகார் எழுதிக்கொடுத்தாள். வாங்கிய குமாஸ்தா, பொறியாளர் அடுத்த திங்கட்கிழமை வந்து பார்ப்பார் என்றார். அதற்கு முன்னால் வரமாட்டாரா என்று கேட்டதற்கு, விழுந்த கட்டடங்களையே இன்னும் பார்த்து முடிக்கவில்லை என்றார்.

அது டெமோ ஏற்றும் நாள். அவள் பாடவில்லை. பதினொரு மௌனங்களையும் தேதி வரிசையில் ஒட்டினாள். எதையும் நீக்காமல், ஒலியை மட்டும் ஏற்றி, தன் இணையப் பக்கத்தில் போட்டாள். கட்டடத்துக்காரர்களின் போன் குழுவிலும் போட்டு, கீழே எழுதினாள்: 'இது நம் பின்பக்கத் தூண். ஹெட்போனில் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டைக் காலி செய்யுங்கள்.'

இணையப் பக்கத்தில் ஒரு மணி நேரத்தில் கருத்துகள் வந்தன. 'புது முயற்சி. மயிர்க்கூச்செறிந்தது.' 'இத்தனை நாளில் உங்களது சிறந்த படைப்பு.' 'கடைசி முப்பது நொடியில் தாளம் அற்புதம், எந்தச் சாம்பிள்?' பூனைக்காது மட்டும் ஒவ்வொருவருக்கும் கீழே, இது பாட்டில்லை, இது பாட்டில்லை என்று எழுதிக்கொண்டே போனார். அதையும் சிலர் படைப்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

கட்டடக் குழுவில் முதலில் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது, மூன்றாம் மாடி நர்ஸுகள் இருவரில் ஒருவரிடமிருந்து. அப்புறம் ஹவுஸ் ஓனர் எழுதினார்: 'வதந்தி பரப்புபவர்கள் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யலாம்.' முதல் மாடித் தையல்காரர் பதில் போட்டார்: 'சார், என் மிஷின் மேசையிலும் ரெண்டு நாளா அதிருது. நான் மோட்டார்னு நெனச்சேன்.' அதற்குப் பிறகு யாரும் எழுதவில்லை. மாடிப்படியில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை அண்ணன் லீவு போட்டான். டாக்டருக்குப் போன் செய்தான். அசைக்காமல் தூக்க முடிந்தால் தூக்குங்கள், நடக்கவிடாதீர்கள் என்றார். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அண்ணியை உட்காரவைத்து, புடவையால் இடுப்போடு கட்டினார்கள். முன்னால் அண்ணன், பின்னால் தையல்காரர். தங்கை ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே அவர்களுக்கு முன்னால் இறங்கினாள்.

"மெதுவா, ஏங்க, நான் என்ன பீரோவா?" என்றாள் அண்ணி.

"பீரோன்னா இவ்வளவு பேசாது" என்றான் அண்ணன். முதல் மாடித் திருப்பத்தில் நாற்காலியைக் கீழே வைத்து மூச்சு வாங்கினார்கள். அந்த நேரத்தில் நான்கு பேருக்கும் கேட்டது. ஹெட்போன் தேவைப்படவில்லை. உடனே நாற்காலியைத் தூக்கினார்கள்.

அண்ணியின் தம்பி வீடு மூன்று தெரு தள்ளி, தரைத்தளம். அங்கே படுக்கவைத்தார்கள். தையல்காரர் அன்று மாலையே மிஷின்களை வண்டியில் ஏற்றினார். வியாழக்கிழமை காலை நர்ஸுகள் இருவரும் ஆஸ்பத்திரி விடுதிக்குப் போனார்கள். நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற தபால்காரரும் மனைவியும் மட்டும் திங்கட்கிழமை பொறியாளர் வந்தபின் பார்க்கலாம் என்றார்கள். அவள் மேலே போய், அவர்கள் வீட்டுச் சமையல்கட்டில் தூண்மேல் தபால்காரரின் கையை எடுத்து வைத்தாள். வியாழக்கிழமை மாலை அவர்களும் ஒரு பெட்டியோடு இறங்கினார்கள். கடைசியாக அவள் மைக்கையும் கணினியையும் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

கட்டடம் காலியானதில் ஹவுஸ் ஓனருக்கு ஒரு வசதி இருந்தது. குடியிருப்பவர்கள் தொல்லையில்லாமல், பொறியாளர் வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம். மேஸ்திரி வரமாட்டேன் என்றதால், கண்ணாடிக் கடைக்காரர்களை நேராக வரச்சொன்னார். இருவர் வந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு அவர்கள் வருவது அதுதான் முதல்முறை.

மே 16, வெள்ளிக்கிழமை, பகல் 11.40-க்குப் பின்பக்கத் தூண் ஒடிந்து கட்டடத்தின் பின்பாதி இறங்கியது. ஹவுஸ் ஓனர் தெருவில் போன் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடி பொருத்த வந்த இருவரும் உள்ளே இருந்தார்கள். ஒருவரின் உடலை மாலை நான்கு மணிக்கும், மற்றவரின் உடலை மறுநாள் காலையிலும் எடுத்தார்கள்.