ஆடிக்கு முன் வந்த கல்லூரிகள்

எங்கள் ஊரில் ஒருவர் படித்து முடித்த பட்டம் அவரோடு வீட்டுக்கு வந்துவிடும். ஆயுள் முழுவதும் கூடவே இருக்கும். என் மகள் செண்பகவல்லியோடு வந்தது புவியியல். கூச்ச சுபாவம், சாப்பாடும் கொஞ்சம்தான். காற்றின் திசை பார்த்துத்தான் கொடியில் துணி காயப்போடும். அவள் கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு அதுவும் என்னை அப்பா என்றே கூப்பிடப் பழகிவிட்டது.

செண்பகவல்லி பள்ளி ஆசிரியையாக இருந்தாள். ஒருநாள் வகுப்பில் ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். புவியியல் ஓடிப்போய்ச் சன்னலைத் திறந்து, காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது என்று சொன்னது. அதற்கு மேல் என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. சிறுமி தானாகவே எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். அன்று மாலை என் மகள், தான் மருத்துவம் படிக்கப்போவதாகச் சொன்னாள்.

வேறு பட்டம் பெற்றவர்கள் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்குமுன், ஆயத்தக் கல்லூரி ஒன்றில் வேதியியலும் உயிரியலும் படித்தாகவேண்டும். ஆயத்தக் கல்லூரிகள் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். தங்கள் படிகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்து கூடத்தில் உட்காரும். ஆடி மாதத்தில் அவை எந்த வீட்டுக்கும் போவதில்லை. ஆடி பிறக்குமுன் அந்த ஆண்டுக்கான இடங்கள் நிரம்பிவிடும்; ஆவணியில் வருபவை அடுத்த ஆண்டுக்குத்தான் பார்க்கும். அப்போது ஆனி பாதி கடந்திருந்தது.

முதலில் வந்தது மூன்று மாடிக் கல்லூரி. முதல் பட்டத்தை வந்தவர்கள் முன் நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. ஆகவே என் மனைவி பேச்சியம்மாள் புவியியலை உள்ளறையில் இருத்திக் கதவைச் சாத்தினாள்.

கல்லூரி கேசரியை மெச்சிவிட்டு, “பழைய பட்டம் ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க,” என்றது.

“இருக்கு,” என்றாள் செண்பகவல்லி.

“அதை விட்டுட்டு வரணும். ரெண்டு பேருக்கு எங்ககிட்ட இடம் கிடையாது.”

என் மகள் அதன் மூன்று மாடிகளையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது மாலைநேரக் கல்லூரி. உடம்பெல்லாம் கண்ணாடிச் சன்னல்கள். புவியியல் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அது சலுகை காட்டியது.

“மனு போட்டுப் பாக்கதுக்கு அதென்ன ஜெயிலா?” என்றாள் பேச்சியம்மாள். கல்லூரி வருத்தப்படாமல் இன்னொரு பஜ்ஜி கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

ஆனால் அது போனபின் பேச்சியம்மாளே மகளிடம் வந்து உட்கார்ந்தாள். “ஏட்டி, ஆடி பொறக்கப் போவுது. புவியியலை நாங்க பாத்துக்கிட மாட்டமா?”

“பாத்துக்கிடுவீங்கம்மா. அது என்னைத் தேடும்.”

“தேட மாட்டேன்,” என்றது உள்ளறையிலிருந்து ஒரு குரல்.

“பொய் சொல்லாத. ஒங்கிட்ட யாரும் கேக்கல,” என்றாள் செண்பகவல்லி. அதையும் விட முடியாமல், மருத்துவத்தையும் விட முடியாமல், வெகுநேரம் வெறும் தட்டையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனி கடைசி நாளில் மூன்றாவது கல்லூரி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியது. ஒரே கட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தன்னிடம் இருவருக்கு ஒரு நுண்ணோக்கிதான் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட்டது. “ஆனா மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்கு நானே கூட வந்து பேசுவேன்,” என்றது.

எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டேன்.

“ஆத்துக்கு வடகரையில.”

“தென்கரை,” என்றது உள்ளறை.

பேச்சியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்லூரி சற்று யோசித்தது. “தென்கரைதான். முன்னால நான் தீப்பெட்டி ஆபீசா இருந்தேன். அப்ப வாசல் அந்தப் பக்கம். இன்னமும் எனக்கு மாறிப்போவுது.”

அதே வேளையில் அதன் வயிற்றுக்குள் எங்கோ வேலை விடும் சங்கு ஊதியது. கல்லூரி தன் கதவுகளை இறுக மூடிப் பார்த்தது. சங்கு ஊதி முடித்துத்தான் நின்றது.

“மன்னிச்சுக்கோங்க. போற எடமெல்லாம் கூடவே வருது,” என்றது.

செண்பகவல்லி எழுந்துபோய் உள்ளறைக் கதவைத் திறந்தாள். புவியியல் வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில், பாதி மறைந்தாற்போல் உட்கார்ந்தது. கல்லூரி அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

“இது என்ன சாப்பிடும்?” என்று மட்டும் கேட்டது.

“எதுன்னாலும். கொஞ்சம்தான்,” என்றாள் என் மகள்.

மூவரும் மாலைப் பேருந்தில் புறப்பட்டார்கள். புவியியலுக்குச் சன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தார்கள். வண்டி நகரும்போது அது தலையை வெளியே நீட்டி, “அப்பா, நாளைக்குச் சாரல் விழும். மாடியில வத்தல் கெடக்கு,” என்றது. சொன்னபடியே மறுநாள் சாரல் விழுந்தது. வத்தல் நனையவில்லை.

ஆடி பிறந்தது. மாதக் கடைசியில் எங்கள் வீடு மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும் மேற்கொண்டு படிக்கலாமென்று இருப்பதாகச் சொன்னது. செண்பகவல்லி டாக்டராகித் திரும்பி வரும்போது, அது ஓர் ஆஸ்பத்திரியாக இருக்க விரும்பியது.

“ஆவணி பொறக்கட்டும்,” என்றாள் பேச்சியம்மாள்.

ஆவணி முதல் தேதி காலையில், வாசலில் யாரோ படிகளைக் கழற்றும் ஓசை கேட்டது. பேச்சியம்மாள் நிலைப்படிக்கு அவசரமாக மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, கேசரித் தட்டைக் கூடத்தில் வைத்தாள். வீடு இதற்குமுன் படித்து முடித்தது எங்கள் இருவரையும்தான். ஆகவே முதல் பட்டத்துக்குரிய வழக்கப்படி நாங்கள் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.