இறங்காத பலகை

ஐந்நூறு கஜத்தில் ரேலீன் ஹாக்கிங் சுட்ட முதல் குண்டுக்குக் குறிப்பலகை இறங்கவில்லை.

இறங்கியிருக்க வேண்டும். எதிரே, மண்மேட்டுக்குப் பின்னால் வெட்டிய பள்ளத்தில் டெஸ் ட்ரெவாரோ இருந்தார். தலைக்கு மேலே குண்டு பலகையைத் துளைத்ததும் கயிற்றைப் பிடித்து அதைக் கீழே இழுப்பார். ஓட்டையில் வெள்ளை வில்லை ஒன்றைச் செருகி மறுபடி ஏற்றுவார். பத்து நொடி வேலை. குண்டு பலகையிலேயே படவில்லை என்றால் வாக்கி டாக்கியில் ஒரு நக்கல் வரும். இப்போது இரண்டும் இல்லை.

"டெஸ், பலகைய இறக்குங்க," என்றான் வின்ஸ். அவள் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி குறிப்பவன் அவன்.

வாக்கி டாக்கி கரகரத்துவிட்டு அடங்கியது.

"கிழவன் தூங்கிட்டாரு போல. இந்தா, இன்னொண்ணு சுடு, சத்தத்துல முழிச்சிக்குவாரு."

ரேலீன் சிரித்தாள். அந்தக் காலையில் அவளுக்கு எதற்கும் சிரிப்பு வந்தது. இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்சீட்டுக் கூச்சல் ஓயாத மண்டை. மூன்று வாரம் முன்புதான் ஏலத்தில் அந்த த்ரீ நாட் த்ரீயை எடுத்திருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் செய்த ராணுவத் துப்பாக்கி. யார் யார் தோளிலோ தேய்ந்து வழவழத்த மரம். அன்று முதலில் முந்நூறு கஜத்தில் பத்து குண்டு சுட்டதில் ஏழு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. ஒவ்வொரு தடவையும் தோளில் விழுந்த இடி, எரிந்த மருந்து வாசனை, அதற்கப்புறம் காதுக் கவசத்துக்குள் வரும் அமைதி. பசும் கோதுமைக்கு நடுவே அந்தப் பழைய துப்பாக்கி சுடும் மைதானத்தில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும்போது உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை என்று இருந்தது.

உண்மையில் இன்று பள்ளத்தில் நிற்க வேண்டியது அவள். முறைப் பட்டியலில் அவள் பெயர்தான். "புதுத் துப்பாக்கிய வாங்கி வச்சிட்டு அந்தக் குழிக்குள்ள போயி நிக்கப் போறியா? போ, போயிச் சுடு. நான் பாத்துக்கறேன்," என்று டெஸ் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

"டெஸ்? டெஸ், கேக்குதா?" வின்ஸின் குரலில் இப்போது கேலி இல்லை. அவன் தூரக்கண்ணாடிக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"ரேலீன்."

"என்ன?"

"நீ சுட்டப்போ பலகைக்குக் கீழ புழுதி கெளம்புச்சு. மேட்டோட உச்சில. நான் காத்துன்னு நெனச்சேன்."

அவள் துப்பாக்கியைப் பார்த்தாள். அதன் முதுகில் குறி பார்ப்பதற்கு ஒரு சின்னச் சட்டம் உண்டு. தூரம் கூடக் கூட அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். சட்டம் முந்நூறில் நின்றது. இடம் மாறி வந்து படுத்தவள் அதைத் தொடவே இல்லை.

அதை ஏற்றாவிட்டால் குண்டு ஓர் ஆள் உயரம் தாழ்ந்து போகும். அங்கேதான் மண்மேட்டின் விளிம்பு. விளிம்பில் சரளைக்கல். அதற்குப் பின்னால் டெஸ்ஸின் தலை.

"சுடறத நிறுத்துங்க!" மைதானப் பொறுப்பாளர் மெர்வ் கெர்னிக் அதற்குள் எழுந்துவிட்டார். பருத்த உடம்பு, தடித்த குரல். "எல்லாரும் போல்ட்டத் தொறந்து வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க. ஒரு பய துப்பாக்கியத் தொடக் கூடாது." ஒவ்வொரு துப்பாக்கியாகக் குனிந்து குண்டு அறை காலியா என்று விரலை விட்டுப் பார்த்தார். அவர் அவசரப்படவில்லை. அந்த நிதானத்தை ரேலீனால் தாங்க முடியவில்லை.

"மெர்வ், சீக்கிரம்."

"சீக்கிரம்னு சொல்லித்தாம்மா ரெண்டாவது ஆளும் சாவான்."

'ரெண்டாவது ஆள்' என்ற சொல் வாயிலிருந்து விழுந்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொட்டகை ஓரம் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்த லோர்னா, கையில் இடுக்கியோடு வந்தாள். டெஸ்ஸின் மனைவி.

"என்ன, சத்தத்தையே காணோம்? சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் கெடக்கே."

லோர்னா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் சிவப்புக் கொடியைக் கையிலெடுத்த மெர்வைப் பார்த்தாள். இடுக்கியைப் புல்லில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ரேலீனும் வின்ஸும் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் தாவி ஏறினார்கள்.

ஐந்நூறு கஜம். பேருந்தில் அவள் ஒரு நாளைக்கு நூறு மைல் ஓட்டுவாள். இந்த ஐந்நூறு கஜம் முடியவே இல்லை. கண்ணாடி வழியே லோர்னாவின் நரைத்த பின்னந்தலை தெரிந்தது. அது அசையவில்லை. அந்தத் தலையிடம் நான் என்ன சொல்வேன் என்று ரேலீன் நினைத்தாள். கீழே வைத்துச் சுட்டுவிட்டேன் என்றா? சட்டத்தை ஏற்ற மறந்துவிட்டேன் என்றா? சிரித்துக்கொண்டிருந்தேன் என்றா?

மேட்டின் பக்கவாட்டில் வண்டி நின்றது. பலகை அங்கேயே உயர நின்றுகொண்டிருந்தது, ஓட்டை எதுவும் இல்லாமல். மேட்டு விளிம்பில் கையளவு புதுப் பள்ளம், வெளிறிய மண்.

"டெஸ்!" என்று மெர்வ் கத்தினார்.

ரேலீன்தான் முதலில் ஓடினாள். பள்ளத்தின் முனைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

டெஸ் நின்றுகொண்டிருந்தார்.

உயிரோடு இருக்கிறார். சுவரோடு முதுகை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறார். இடது புருவத்துக்கு மேலே கிழிந்து, ரத்தம் கன்னம் வழியே இறங்கிச் சட்டைக் காலரை நனைத்திருந்தது. அவளைப் பார்த்தார். தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"வராத," என்றார். உதடு அசைந்ததா என்றே தெரியவில்லை. "கால்ல."

அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். பழுப்புப் பாம்பு, கடும் விஷம். ஆள் நீளம். வால் பக்கத்துப் பாதி உடம்பு அவருடைய வலது பூட்சின் மேலே கிடந்தது; மீதி வெயில் விழுந்த சிமென்ட் தரையில் வளைந்து படுத்திருந்தது. வாக்கி டாக்கி அதற்கு அந்தப்புறம் கவிழ்ந்து கிடந்தது. கல் தெறித்து நெற்றியில் பட்டபோது அவர் தடுமாறியிருக்க வேண்டும்; கையிலிருந்தது விழுந்திருக்க வேண்டும். பள்ளத்துச் சுவரில் அடுக்கியிருந்த பழைய தண்டவாளக் கட்டைகளின் இடுக்கிலிருந்து அதுவும் அந்த அதிர்வில் வெளியே வந்திருக்க வேண்டும்.

மெர்வ் வந்து பார்த்தார். மெல்லக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். "துப்பாக்கிய எடுத்தாரேன்."

"சிமென்ட் குழிக்குள்ளயா?" ரேலீன் அவர் கையைப் பிடித்தாள். "குண்டு எகிறி யார் மேல போவும்? வேணாம் மெர்வ். இன்னிக்கு இனிமே வேணாம்."

ஆஸ்பத்திரி நாற்பது மைல். கடித்தால் போய்ச் சேர்வதற்குள் உயிர் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

லோர்னா மெல்ல நடந்து வந்து அவர்கள் பக்கத்தில் நின்றாள். கணவனைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள். குரலை உயர்த்தாமல், சமையலறையில் பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள்.

"யோவ் கிழவா. அப்படியே நில்லு. வீட்ல ஒரு எடத்துல நிக்க மாட்டியே, இப்ப நில்லு. பாப்போம்."

"முட்டி," என்றார் டெஸ்.

செம்மறிக்கு மயிர் கத்தரித்தே நாற்பது வருடம் குனிந்து தேய்ந்த முட்டிகள். வலது முழங்கால் நடுங்குவதை ரேலீன் கால்சட்டைத் துணியிலேயே பார்த்தாள். நடுக்கம் இடுப்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. முகம் மெழுகு நிறத்துக்குப் போய்விட்டது. ரத்தம் போன மனிதர், வெயில் வேறு. விழுந்தாரென்றால் அதன் மேலேயே விழுவார்.

ரேலீன் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள்.

"ஏம்மா, என்ன செய்யற?" என்றார் மெர்வ்.

"தரை அதிர்ந்தாத்தான அதுக்குத் தெரியும்."

"பைத்தியமா உனக்கு?"

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அங்கேயே நின்று அவர் விழுவதைப் பார்ப்பதற்கு அவளிடம் தெம்பு இல்லை. இதைவிட அது பெரிய பயமாக இருந்தது. மேட்டைச் சுற்றிப் பள்ளத்தின் மறுமுனைக்குப் போனாள். அங்கிருந்து சரிவில் இறங்கினால் டெஸ்ஸின் தோள் பக்கம் வரும், பாம்பின் தலை அந்தப்புறம் இருக்கும்.

சாக்ஸ் காலோடு ஒரு அடி. நின்றாள். இன்னொரு அடி. சிமென்ட் சூடு உள்ளங்காலில் ஏறியது. ஒரு ஈ அவள் உதட்டின் மேல் உட்கார்ந்து ஊர்ந்தது, அதை விரட்டவில்லை. தன் இதயம் அடிப்பது தரை வழியாகப் போய் அதற்குக் கேட்டுவிடும் என்று பட்டது. எட்டாவது அடியில் பாம்பு தலையை இரண்டு விரற்கடை தூக்கியது.

நின்றுவிட்டாள். ஒரு கால் பாதி தூக்கியபடி. நாக்கு வெளியே வந்தது, உள்ளே போனது. லோர்னாவின் குரல் மட்டும் மேலேயிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது. "திங்கக்கிழமை கொழாய் ரிப்பேர் பண்றேன்னு சொன்ன. ஞாபகம் இருக்கா? மூணு மாசமாச் சொல்ற." தலை கீழே இறங்கியது.

கடைசி இரண்டு அடியை எப்படி வைத்தாள் என்று அவளுக்குப் பிறகும் தெரியவில்லை. சுவருக்கும் அவருக்கும் நடுவே தோளை நுழைத்து, அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவருடைய மொத்த எடையும் மெல்ல அவள் மேல் சாய்ந்தது. ரத்தமும் வேர்வையும் புகையிலையும் கலந்த வாசனை.

"நீயா சுட்டது?" என்று மூச்சோடு கேட்டார்.

"ஆமா."

"கீழ போச்சு."

"தெரியும். பேசாதீங்க."

அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். கைகள் மரத்துப் போயின. ஒரு கட்டத்தில் டெஸ்ஸின் தலை அவள் தோளில் தொய்ந்தது. மயங்குகிறார் என்று நினைத்து விலாவில் கிள்ளினாள். அவர் முனகினார். வெயில் துண்டு தரையில் நகர்ந்தது, ரொம்ப மெதுவாக. அவருடைய பூட்சின் மேல் நிழல் விழுந்தது. அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் அந்த வால் இழுபட்டது. பாம்பு அவசரமே இல்லாமல் நீண்டு, வாக்கி டாக்கியை உரசிக்கொண்டு, கட்டை இடுக்கில் தலையை விட்டது. கடைசி முழமும் உள்ளே போயிற்று.

"போயிருச்சு," என்றார் மெர்வ். "போயிருச்சு, வாங்க, வாங்க!"

அவர்களால் நடக்க முடியவில்லை. மெர்வும் வின்ஸும் இறங்கி இரண்டு பேரையும் சேர்த்தே தூக்க வேண்டியிருந்தது. பதினேழு நிமிடம் என்று வின்ஸ் சொன்னான். ரேலீனுக்கு அந்த எண்ணில் ஒரு அர்த்தமும் இல்லை.

கொட்டகைக்குத் திரும்பி, டெஸ்ஸை லோர்னாவின் காரில் பின்சீட்டில் சாய்த்தார்கள். லோர்னா சுற்றிச் சுற்றி அவருடைய காலைத் தடவிப் பார்த்தாள், கடி ஏதும் இல்லை என்று நிச்சயமாகும்வரை. பிறகு நிமிர்ந்தாள்.

"யாரு சுட்டது?"

வின்ஸ் தரையைப் பார்த்தான்.

"நான்தான் லோர்னா. இன்னிக்கு அந்தக் குழில நிக்க வேண்டியதும் நான்தான். சட்டத்த ஏத்தாம சுட்டுட்டேன்."

லோர்னா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் ரேலீன் மறுபடியும் பள்ளத்தில் நின்றாள், ஒரு காலைத் தூக்கியபடி. லோர்னாவின் தாடை ஒருமுறை இறுகியது. கார் கதவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து அவள் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"பின்னாடி ஏறு. அவர் நெத்தில இதை அமுக்கிப் பிடி. நான் ஓட்டறேன்."

வழியில் டெஸ் ஒருமுறை, குழாயைத் திங்கட்கிழமை பார்த்துவிடுவதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி ஆறு தையல் போட்டாள். இடுக்கியால் எடுத்த கல்சில்லைக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினாள். பட்டாணி அளவுதான் இருந்தது. "கண்ணுக்கும் இதுக்கும் ஒரு விரற்கடை," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள்.

அப்போதுதான் ரேலீனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. லோர்னா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.