கூரையில்லாத கோட்டைக்கு ஒரு மாப்பிள்ளை

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து கிடைத்தது. கலைத்தாகம், உள்ளொளி என்று எதுவும் கிடையாது. ஒஸ்லோவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கழிவறை கழுவுகிற உதயகுமாரி அந்தப் படத்தைக் காட்டினாள். அங்கே மற்ற வாளி என்னுடையது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அயர்லாந்தின் பசும்புல்வெளியில், வரலாற்றின் மௌன சாட்சியாக அந்தக் கோட்டை…’

(வேண்டாம். அந்தக் கிராமத்தில் ஒரு தேவாலயம், இரண்டு மதுக்கடை, ஒரு காளான் பண்ணை. சாட்சி கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.)

2

உதயகுமாரியின் தம்பி இந்திரகுமார் அந்தப் பண்ணையில் காளான் பறிக்கிறான். 2004இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினான். பின்பக்கத்தில் எழுதியது ஒரே வரி: ‘அக்கா, இது இஞ்சத்தைப் பழைய கோட்டை.’

அடுத்தவன் காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பிய சனம் நாங்கள். அக்காவுக்குக் கோட்டை கொஞ்சம் பெரிய கார். ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான திராமனில் தம்பிக்குப் பெண் பார்க்கப் போனவள், “தம்பி இருக்கிற இடம்” என்று படத்தை நீட்டினாள்.

பெண்ணின் தாய் ஞானமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “எத்தினை அறை, பிள்ளை?”

“எண்ணேல்லை, அன்ரி.”

3

(உதயகுமாரி ஒரு நேர்மையான… இந்த வசனம் முடியாது. கழிவறை கழுவுகிறவள் இப்படிப் புளுகுவாளா? புளுகுவாள். தான் குடியிருக்கிற ரொம்சோசில் அயலவரிடம் ‘ஒஃபிஸ் வேலை’ என்று சொல்பவள். நானும் அதைத்தான் சொல்கிறேன்.)

புதன்கிழமை, வேலை நேரத்தில், பெண்ணே அழைத்தாள். பெயர் யதுர்ஷா.

“அக்கா, அந்த ஊர்ப் பேரைப் போட்டு இன்ரநெற்றில பாத்தனான். கோட்டைக்குக் கூரையே இல்லை. திங்களில பூட்டாம். உங்கட தம்பி திங்களில எங்கை படுக்கிறவர்?”

உதயகுமாரி வாளியைப் பார்த்தாள்.

“என்ன வேலை எண்டாலும் எனக்குப் பரவாயில்லை, அக்கா. புளுகுற ஆள்தான் வேண்டாம். இது அவர் சொன்னதோ, நீங்கள் சொன்னதோ?”

4

முடிவு ஒன்று: “நான்தான் சொன்னனான்.” தம்பிக்குக் கல்யாணம். ரயில் பாதை முடிகிற வெஸ்ட்லி வரைக்கும் அக்காவுக்குச் சாகும்வரை ‘கோட்டைக்காரி’ என்று பட்டம்.

முடிவு இரண்டு: “அவன்தான் சொன்னவன்.” அக்காவின் மானம் தப்பும். ஒரு பொய்யும் சொல்லாதவன் காளானோடு கிடப்பான்.

முடிவு மூன்று: உதயகுமாரி விம்முகிறாள், யதுர்ஷா மனமிரங்கி…

(நிறுத்து. காசு கொடுத்து வாங்கும் வார இதழ்க் கதையில்தான் அப்படி இரங்குவார்கள்.)

உதயகுமாரி கைத்தொலைபேசியைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். எனக்கு ஐந்தாம் மாடி இன்னும் கழுவக் கிடக்கிறது. வாசித்துக்கொண்டிருக்க உங்களுக்குத்தான் நேரம் இருக்கிறது. நீங்களே சொல்லிக்கொடுங்கள். யதுர்ஷா இன்னும் தொலைபேசியை வைக்கவில்லை.