இடது பக்க இருக்கை

தரைவிரிப்பை உரித்து எடுத்ததும் மாப்பிள்ளை அப்படியே குந்திக்கொண்டார். காரின் தரைத்தகடு ஓட்டுநர் பக்கம் நன்றாகவே இருந்தது. இடது இருக்கைக்கு முன்னால்தான் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, பெயிண்ட் தேய்ந்து, விரல் வைத்து அழுத்தினாலே பொத்துக்கொள்ளும் போலத் துருவேறிக் கிடந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. எது எங்கே தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். மாமனாரின் பழைய காருக்கு உயிர் கொடுக்கிறேன் பேர்வழி என்று லீவு நாளெல்லாம் ஷெட்டே கதியாகக் கிடந்து, கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, கல்லாய் இறுகிப்போன ரப்பர் புஷ் என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டார். எல்லாத் தேய்மானத்துக்கும் காரணம் பிடிபட்டது, இதைத் தவிர. மழைத்தண்ணீர் ஒழுகியதோ என்று ஹோஸ் பிடித்து முன்கண்ணாடியில் அடித்துப் பார்த்தார். சொட்டுகூட உள்ளே வரவில்லை. மண்டையைக் குடைந்தது.

டீ கொண்டுவந்த மாமியாரிடமே கேட்டார்.

"அத்தை, இந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?"

"நான்தான். வேற யாரு?" மாமியார் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடக் கடவுளே, ஓட்டையே போட்டுட்டேனா! அவரு வண்டி ஓட்டுவாரு, நான் பிரேக் போடுவேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் மாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவருக்கு இடது கண்ணு சுத்தமாத் தெரியாது. சின்ன வயசுல அடிபட்டது. சைக்கிள் வருது, ஆள் நிக்கிறாங்க, இப்ப திருப்புங்கன்னு நான் சொல்லச் சொல்லத்தான் ஓட்டுவாரு. உங்க வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. நீங்களும் மூச்சு விட்றாதீங்க."

மாப்பிள்ளை டம்ளரும் கையுமாகக் காரின் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் இதே காரில்தான் பின்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் போயிருக்கிறார். முன்னால் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவதைக் கண்டு, இந்த வயதிலும் என்ன அன்னியோன்னியம் என்று வியந்ததுகூட உண்டு. கோளாறே பெரிதாக இல்லாத வண்டியை அத்தை ஏன் திடீரென்று "இனிமே நான் கார்ல வரல, தலை சுத்துது" என்று மூலையில் நிறுத்த வைத்தார் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை. அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் மாமியார் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்தார். எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியபோது மாமனார் சலவைச் சட்டையோடு வந்து நின்றார்.

"முதல் ரவுண்டு நான்தான்."

சாவியைத் தருவதா வேண்டாமா என்று மாப்பிள்ளை தவித்தார். கொடுக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும், அத்தையின் ரகசியம் உடைந்துவிடும்.

"கேட் வரைக்கும் மட்டும் மாமா. பிரேக் இன்னும் செட் ஆகணும்."

"சரி சரி. ஏய், ஏறு" என்றார் மாமனார். மாமியார் இடது இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மாப்பிள்ளை கேட்டருகே போய் நின்றார். கார் மெல்ல ஊர்ந்து வந்தது.

"வாங்க… வாங்க… இடது பக்கம் ஒண்ணுமில்ல, வாங்க" என்றது மாமியாரின் குரல்.

இடது பக்க வெள்ளைச் சுவரோரம், வேலை செய்ய மாப்பிள்ளை போட்டு வைத்திருந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. "மாமா!" என்று கத்துவதற்குள் சடசடவென்று நொறுங்கியது.

எஞ்சின் அணைந்தது. மாமனார் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"கண்ணு மங்கலாத்தாங்க தெரியுது. புரையா இருக்கும். வண்டிய நிறுத்தச் சொன்னேனே, அப்பலேருந்து."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா இந்த சீட்ல வேற யாரையாவது உக்கார வெச்சுட்டு ஓட்டுவீங்க."

மாமனார் இறங்கி, காரைச் சுற்றி வந்து, நொறுங்கிய நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு மனைவிக்குக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு பின்கதவைத் திறந்து மனைவியை ஏறச் சொல்லித் தானும் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வேடிக்கை பாக்குறீங்க? எடுங்க வண்டிய."

தெரு திரும்பியதும் மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்தார். ஆளுக்கொரு ஜன்னலாகப் பிடித்துக்கொண்டு இருவரும் வெளியே பார்த்தபடி வந்தார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மாமியாரின் முந்தானை காற்றில் பறந்து மாமனாரின் முகத்தில் விழுந்துகொண்டேயிருந்தது. அவர் அதை ஒதுக்கவில்லை.