பூட்ஸ் போட்ட முதல் பாதி

பீர்மேட்டுத் தோட்டங்களுக்கிடையே நடக்கும் கால்பந்துப் போட்டியில், நான் பயிற்சி கொடுத்த அணி தொடர்ந்து மூன்று வருடம் கோப்பை வாங்கியது. பகலில் தேயிலை ஃபேக்டரியில் வேலை, சாயங்காலம் மைதானம். பிரேசில் அணியின் பயிற்சியாளர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். என்னைப் 'பிரேசில் அழகுமலை' என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஆட்கள் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். 1974 இறுதிப் போட்டிக்குக் கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி அணிக்காரர், எங்கள் அணியில் அதிகம் கோல் போடும் நல்லதம்பியின் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். பிடித்துப்போனால் அவனுக்கு அங்கே நிரந்தர வேலை. தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்க வேண்டாம், தோட்டத்து லயத்து ஒற்றை அறையை விட்டுப் போகலாம். அவர் கண்ணுக்கு இவன் காட்டானாகத் தெரியக் கூடாதென்று பூட்ஸ் வாங்கி வந்தேன்.

"காலுக்குப் பந்தே தெரிய மாட்டேங்குண்ணே," என்றான்.

"பிரேசில்ல எவம்லே வெறுங்காலோட ஆடுதான்? மாட்டுலே."

முதல் பாதி முழுவதும் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தான். இடைவேளையில் நானே குனிந்து லேஸை அவிழ்த்தேன். அதன் பிறகு மூன்று கோல் போட்டான். சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தேன். கொச்சிக்காரரின் நாற்காலி காலியாக இருந்தது. பாதி ஆட்டத்திலேயே பஸ் ஏறிவிட்டாராம்.

கோப்பை ஃபேக்டரி ஆபீஸில் இருக்கிறது. நல்லதம்பி அந்த ஆட்டத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மூட்டையோடு ஃபேக்டரிக்குள் வரும்போது, "ஈரக் கொழுந்துண்ணே, சட்டையில படும். தள்ளி நில்லுங்க," என்பான்.

நான் தள்ளி நிற்பேன்.