திறப்புக்கு அடங்காத எஞ்சின்

சம்மாந்துறைப் பக்கம் வயல்களின் நடுவே வீதி நேராக நீண்டதும் ஹப்ஸாவின் கால் சும்மா இருக்கவில்லை. முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த நெல் லொறியை முந்த அவள் அக்சிலேட்டரை அழுத்தினாள். டேர்போ விசிலடித்தது. மூவரையும் இருக்கையோடு சாய்த்துக்கொண்டு கார் பாய்ந்தது.

"பாத்தியா இழுவைய!" பக்கத்திலிருந்த கணவன் பஸால் தொடையில் தட்டிச் சிரித்தான். அந்தப் பழைய டீசல் காரை வாங்கியதிலிருந்து அவனுக்கு வேறு பேச்சில்லை. "எஞ்சின் கக்குற சூட்டுப் புகைதான் டேர்போச் சக்கரத்தச் சுத்துது. அது காத்த அமத்தி உள்ளுக்க ஏத்துது. எஞ்சின் சின்னன், மூச்சு பெரிசு!"

இறக்காமத்தில் சொந்தக்காரர் வீட்டு விருந்துண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின் இருக்கையில் மாமி, பஸாலின் உம்மா பாத்தும்மா, முழங்காலில் ஒபரேஷன் செய்த காலை நீட்டிப் படுத்தாற்போல் இருந்தார்.

ஹப்ஸா கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் நீலமாய் மெல்லிய புகை.

"இஞ்சப் பாருங்க, புகை வருது."

"டீசல் எண்டா புகைக்காமலா? நீ ஓட்டு."

காரைதீவுச் சந்தியில் ஒரு பஸ்ஸின் பின்னால் நிற்க வேண்டி வந்தது. ஹப்ஸா கிளச்சை மிதித்து, காலை அக்சிலேட்டரிலிருந்து எடுத்தாள். சத்தம் குறையவில்லை. ஏறியது. அவள் எதையும் தொடாமலே எஞ்சின் உறுமி, கத்தி, பிறகு ஊளையிடத் தொடங்கியது. கார் முழுதும் நடுங்கியது.

"என்னத்த அமத்துறாய்?"

"நான் ஒண்டையும் தொடல்ல!"

"திறப்பத் திருப்பு!"

சாவியைத் திருப்பி அணைத்தாள். முன்பலகையின் விளக்குகள் அணைந்தன. எஞ்சின் நிற்கவில்லை! திறப்புக்கும் தனக்கும் தொடர்பே இல்லாததுபோல் இன்னும் உச்சத்தில் அலறியது. வெண்புகை சந்தியை மூடியது. பஸ்ஸும் தெரியவில்லை, கடைகளும் தெரியவில்லை.

"நெருப்பு! இறங்குங்கோ! வெடிக்கப் போகுது!" புகைக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள்.

பஸால் கதவைத் திறந்து குதித்து, பின்கதவை இழுத்தான். அது பூட்டியிருந்தது. உள்ளே மாமி, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலோடு அவரால் எப்படிக் குதிக்க முடியும்?

ஹப்ஸாவும் இறங்கி ஓடியிருக்கலாம். இறங்கவில்லை. அவளுக்குத் திடீரென்று ஒன்று புரிந்தது. கார் ஓட்டப் பழகிய காலத்தில் கிளச்சை வெடுக்கென்று விட்டால் எஞ்சின் செத்துப்போகும், எல்லாரும் சிரிப்பார்கள். இப்போது அதைத்தானே செய்ய வேண்டும்!

கைபிரேக்கை மேலே இழுத்தாள். கால்பிரேக்கை அடிவரை மிதித்தாள். ஐந்தாம் கியரைப் போட்டாள்.

"மாமி, இறுக்கிப் புடிச்சிக்கங்க!"

கிளச்சை விட்டாள்.

கார் முன்னுக்குத் துள்ளியது, குலுங்கியது, தொண்டை நெரிபட்டதுபோல் ஒரு சத்தம். பிறகு அமைதி. இத்தனை அழகான அமைதியை ஹப்ஸா அதுவரை கேட்டதில்லை.

சந்தியில் பழக்கடை வைத்திருந்த கிசோக் புகைக்குள் ஓடி வந்தான். பஸாலும் அவனுமாக மாமியைத் தூக்கி அவன் கடையின் கதிரையில் இருத்தினார்கள். கிசோக் ஹப்ஸாவிடம் சோடாவை நீட்டினான். அவள் அதை மடமடவென்று குடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா செஞ்சீங்க? நாங்க வெடிச்சிட்டு எண்டுதான் நினைச்ச!"

"நிப்பாட்டின. அவ்வளவுதான்!"

காரைக் கட்டியிழுத்து, கல்முனையில் கராஜ் வைத்திருந்த பர்ஸானிடம் கொண்டுபோனார்கள். பஸாலின் கூட்டாளி அவன். டேர்போவைக் கழற்றி, அதன் சுழல்தண்டை விரலால் ஆட்டிக் காட்டினான். அது ஆடும் பல்போல ஆடியது.

"இது சுத்துற வேகத்துக்கு ஒயில்தான் உயிர். ஒயில் திரும்பி வடியிற குழாய் கரி புடிச்சி அடைச்சிட்டு மச்சான். வடிய வழியில்லாம ஒயில் டேர்போவால கசிஞ்சி, காத்தோட எஞ்சினுக்குள்ளேயே போயிட்டு. டீசல் எஞ்சினுக்கு ஒயிலும் ஒண்டுதான், டீசலும் ஒண்டுதான். எரிச்சித் தள்ளும்."

"அப்ப திறப்பு?" ஹப்ஸா கேட்டாள்.

"திறப்பு டீசலைத்தான் வெட்டும் ராத்தா. இது தன்ட ஒயிலயே குடிச்சி ஓடியிரிக்கி."

ஹப்ஸா அடுத்ததைக் கேட்டாள். "எஞ்சின் போயிட்டா?"

பர்ஸான் ஒவ்வொரு சிலிண்டராக அமுக்கம் அளந்தான். பஸால் நகத்தைக் கடித்தான். கடைசிச் சிலிண்டரும் முடிந்ததும் பர்ஸான் நிமிர்ந்தான்.

"மாஷா அல்லாஹ்! நாலும் நல்லா இரிக்கி. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும்."

புது டேர்போ வந்தது. குழாய்களும், காற்றைக் குளிராக்கும் இண்டர்கூலரும் உள்ளே தேங்கிய ஒயில் போகக் கழுவப்பட்டன. முதல் ஓட்டத்துக்கு பஸால் திறப்பைத் தானாகவே ஹப்ஸாவின் கையில் வைத்தான்.

அக்கரைப்பற்று தாண்டித் தெற்கே, தம்பிலுவில் பக்கம் வீதி வெறிச்சென்று கிடந்தது. கடற்காற்று ஜன்னலால் அடித்தது. புது டேர்போ மெல்லிய குரலில் விசிலடித்தது. கண்ணாடியில் ஒரு துளிப் புகையுமில்லை.

ஹப்ஸா நிதானமாகவே ஓட்டினாள். பின்னாலிருந்து மாமி எட்டி அவள் தோளில் தட்டினார்.

"என்ன மகள் இது, மாட்டு வண்டில் மாதிரி? இன்னும் கொஞ்சம் அமத்து!"