காப்புக் கம்பியில் கட்டிய துணி

விடியற்காலை ஐந்து மணிக்கே சலவை ஆலையின் நீராவி கூரைத் தகரத்தில் முட்டி, சொட்டுச் சொட்டாகத் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனைகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள், துவைத்த பிறகும் மருந்து நெடி போகாமல், தள்ளுவண்டிகளில் ஈரமாகக் குவிந்து கிடந்தன. அண்ணி ஒரு விரிப்பின் முனையைத் தேடிப் பிடித்து உதறினாள். மறுமுனையைக் குருவி பிடித்தாள். இருவரும் அதை ஒரே இழுப்பில் விரித்து, சுழன்றுகொண்டிருந்த இரும்பு உருளையின் வாயில் கொடுத்தார்கள். கொதிக்கும் உருளை அதை வாங்கிக்கொண்டது. மறுபக்கம் விரிப்பு அட்டைபோல் விறைத்து வெளியே வருவதற்குள் அடுத்ததன் முனை கையில் இருக்க வேண்டும்.

குருவி அவளுக்கு நாத்தனார். ஆள் சின்னது, வாய் ஓயாது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆலை முழுவதுக்கும் இவள் அண்ணியாகிவிட்டாள். ஒன்பது உருளைகளும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. ஆனாலும் குருவி பேசிக்கொண்டேதான் இருப்பாள். அண்ணி அவள் உதடுகளைப் பார்த்தே தலையாட்டுவாள், சிரிப்பாள், சில நேரம் திட்டுவாள்.

ஒவ்வோர் உருளையின் வாய்க்கும் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி ஓடுகிறது. காப்புக் கம்பி. கை பட்டால் அது உள்ளே சாயும். சாய்ந்தால் உருளை நின்றுவிடும். நிமிடத்துக்கு ஆறு விரிப்பு போன காலத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது. வேகத்தைப் பத்தாக ஏற்றியதும், விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலே சாய்ந்து, உருளையைச் சும்மா சும்மா நிறுத்தியது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சூப்பர்வைசர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். பத்துக் கோடு விழுந்தால் அந்த ஜோடிக்கு மறுநாள் வேலை கிடையாது.

ஒரே வாரத்தில் ஒன்பது உருளைகளிலும் காப்புக் கம்பி சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வியர்வை துடைக்க ஆளுக்கொரு கிழிசல் துணியை மணிக்கட்டில் சுற்றியிருப்பார்கள். மாறிப்போகாமலிருக்க அதன் மூலையில் வண்ண நூலால் ஒரு குறி தைத்திருப்பார்கள். கட்டியது அந்தக் கிழிசல்களால்தான். மூன்றாம் உருளையில் நீலக் குறி, குருவியுடையது. சூப்பர்வைசர் தினமும் அந்த முடிச்சுகளைக் கடந்து நடந்தார். அவர் கண்ணுக்குக் கோடுகள் மட்டுமே தெரிந்தன.

அந்தச் சமயத்தில்தான் ஆலோசகர் வந்தார். நடுவயதுப் பெண்மணி. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே நம்பிக்கையை வளர்ப்பது அவருடைய தொழில் என்று முதலாளி அறிமுகம் செய்தார்.

"நம்பிக்கையா? அது எந்த சோப்புல வெளுக்கும்?" என்றார் கொதிகலன்காரர்.

ஆலோசகரும் சேர்ந்து சிரித்தார். வாரம் ஒருமுறை, மடிப்பு அறையில் நாற்காலிகளைத் தானே தூக்கி வட்டமாகப் போட்டார். அதனால் 'வட்டம்மா' என்று பெயர் விழுந்தது. கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதை அடுத்த வாரம் நினைவு வைத்துக் கேட்டார். இடையில் குறுக்கிடாமல் கேட்கிற ஒருவரை அந்த ஆலை அதற்கு முன் பார்த்ததில்லை.

"இங்க பேசுறது இந்த வட்டத்துக்குள்ளயே இருக்கும். யார் பேரையும் எழுத மாட்டேன்," என்றார்.

நான்காவது வாரம் அண்ணி வாயைத் திறந்தாள். "எங்க மூணாம் உருளையில காப்புக் கம்பிய கட்டி வெச்சிருக்கோம்மா. கட்டாம அந்த வேகத்துக்கு ஓட்ட முடியல. என்னைக்காவது ஒரு கை உள்ள போகத்தான் போகுது."

குருவி அவள் தொடையைக் கிள்ளினாள். மற்ற உருளைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆலோசகர் மெதுவாக எழுதிக்கொண்டார். அண்ணிக்கு அன்று நெஞ்சு லேசானதுபோல் இருந்தது.

இரண்டு வாரம் ஆயிற்று. கம்பியைப் பார்க்க யாரும் வரவில்லை. வேகம் மட்டும் பதினொன்றாயிற்று.

அன்று விரிப்புகளுக்கிடையே நோயாளி அங்கி ஒன்று சிக்கி வந்திருந்தது. அதன் நாடா குருவியின் விரலில் சுற்றிக்கொண்டதை அண்ணி பார்க்கவில்லை. அவள் உதடுகளைத்தான் பார்த்தாள். ஏதோ கேலி சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே திறந்து நின்றது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெள்ளை விரிப்போடு சேர்ந்து கையும் போய்க்கொண்டிருந்தது.

சிவப்புப் பொத்தானை அடிக்க அண்ணி நாலு எட்டு ஓட வேண்டியிருந்தது. குருவியின் வலது கையில் நான்கு விரல்கள் போயிருந்தன.

ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே சூப்பர்வைசர் நீலக் குறியிட்ட துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் அந்தத் துணி. பக்கத்தில் ஒரு தாள். ஓரத்து நாற்காலியில் ஆலோசகர்.

"உக்காருங்க," என்றார் முதலாளி. சின்ன வயசு. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "உங்க நாத்தனார் விஷயத்துல எனக்கும் வருத்தம்தான். ஆனா கம்பிய கட்டினது யாரு?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே சார்."

"எனக்கு இதுதான் தெரியும்." தாளை எடுத்து வாசித்தார். "மூன்றாம் உருளையில் பணியாளர்கள் காப்புக் கம்பியைக் கட்டிவைக்கின்றனர். பேர் இல்ல. ஆனா அங்க ரெண்டே பேர்தானே?"

"நான் பேர் எழுதல," என்றார் ஆலோசகர். குரல் தாழ்ந்திருந்தது.

அண்ணி அவர் பக்கம் திரும்பினாள். "பேர் எழுதலம்மா. மிஷின் நம்பர் எழுதினீங்க."

ஆலோசகர் முதலாளி பக்கம் திரும்பினார். "சார், அடுத்த பக்கத்துல வேகத்த குறைக்கணும்னு எழுதியிருந்தேனே. அது எங்க?"

"அது உங்க யோசனை. இது நடந்தது," என்று முதலாளி இன்னொரு தாளை அண்ணி முன் நகர்த்தினார். "குருவி யாரும் சொல்லாம தானாவே கட்டினதாவும், உங்களுக்கு அதுல பங்கில்லன்னும் இதுல எழுதியிருக்கு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குள்ள கையெழுத்து போடுங்க. போட்டா உங்க வேலை இருக்கும். போடலேன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினதா ஆகும்."

"அப்ப அவ வைத்தியம்?"

"தானா கட்டினவங்களுக்கு ஆலை எப்படிம்மா பொறுப்பாகும்?"

வெளியே நடைவழியில் ஆலோசகர் பின்னால் ஓடி வந்தார். "என்னை மன்னிச்சிடுங்க."

"அந்த ரெண்டாம் பக்கத்த தர்றீங்களா?"

ஆலோசகர் கைப்பையை மார்போடு இறுக்கிக்கொண்டார். "அறிக்கை அவங்களுக்குச் சொந்தம். ஒப்பந்தம் அப்படி..."

"அப்ப வட்டத்துல நாங்க பேசினதும் அவங்க சொத்துதானா?" அண்ணி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மாலையில் மருத்துவமனைக்குப் போனாள். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக் குருவி படுத்திருந்தாள்.

"நம்ம ஆலை விரிப்புதான் அண்ணி. மூலை மடங்கியிருக்கு பாருங்க. ஏழாம் உருளைக்காரி தேச்ச லட்சணம்."

அண்ணி சிரிக்க முயன்று முடியாமல் மூலையை நீவி விட்டாள். தாளைப் பற்றிச் சொன்னாள்.

குருவி கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "போட்டுடுங்க அண்ணி. வீட்டுல ஒருத்திக்காவது முழுசா கை இருக்கட்டும். அண்ணனையும் பிள்ளைங்களையும் யாரு பாக்கிறது?"

அண்ணி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலை, உருளைகள் சூடேறிக்கொண்டிருந்த நேரம். வேலைக்கு வந்தவர்கள் மடிப்பு அறையில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அண்ணி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள்.

"வட்டம்மா இல்லாம வட்டமா?" என்றார் கொதிகலன்காரர்.

"நம்ம கதைய நாமே கேட்டுக்கலாம். உக்காருங்க."

ஏழாம் உருளைக்காரி உட்காரவில்லை. "போன தடவ நீ வாயத் திறந்துதான் இவ்வளவும். இன்னும் பேசணுமா?"

"திறந்தேன். ஆனா பாதிதான் சொன்னேன். உங்களையெல்லாம் மாட்டிவிடக் கூடாதேன்னு மூணாம் உருளைய மட்டும் சொன்னேன். தப்பு அங்கதான். ஒன்பதுன்னு சொல்லியிருந்தா சூப்பர்வைசர் யாரோட துணிய எடுத்துப் பையில போடுவாரு?" அண்ணி மடித்த தாளை எடுத்து மடியில் விரித்தாள். "இதுல குருவி மேல பழிய எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. இன்னைக்கு அவ. நாளைக்கு எந்த உருளையோ. நான் கையெழுத்து போடல. என் கம்பிய இனி கட்டவும் மாட்டேன். உருளை நின்னா நிக்கட்டும்."

"பத்துக் கோடு விழுந்தா வீட்டுக்குப் போகணும்," என்றது ஒரு குரல்.

"எங்க வீட்டுக்காரர் வேற படுத்த படுக்கை," என்றது இன்னொன்று.

தகரத்திலிருந்து நீர் சொட்டியது. கொதிகலன்காரர்தான் கடைசியில் தொண்டையைச் செருமினார். "ஒரு ஜோடிய அனுப்பலாம். பதினெட்டுப் பேரையும் அனுப்பிட்டா, விரிப்ப முதலாளியே வந்து பிடிப்பாரா?"

ஏழாம் உருளைக்காரி திரும்பி நடந்தாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தார்கள். தன் உருளைக்கு முன் குனிந்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் குறி போட்ட துணியைக் கொண்டுவந்து கரும்பலகையின் ஆணியில் மாட்டினாள்.

"குருவிகிட்ட சொல்லு. மூலை மடங்கினது என் கையால இல்ல, இந்த வேகத்தால."

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிவப்பு, பச்சை, இரட்டைக் கறுப்பு. எட்டுத் துணிகள் ஆணியில் தொங்கின. இரண்டு முடிச்சுகள் இறுகிப்போயிருந்ததால் அவிழ நேரமாயிற்று. மடிப்பு அறைப் பெண் ஒருத்தி, கூப்பிடாமலே வந்து, குருவி நிற்கும் இடத்தில் நின்றுகொண்டாள்.

விரிப்புகள் போயின. முதல் நிமிடத்திலேயே ஐந்தாம் உருளை நின்றது. அடுத்து இரண்டாம் உருளை. பிறகு எட்டாம் உருளை. சூப்பர்வைசர் கோடு மேல் கோடாகப் போட்டார். பலகையில் இடம் தீர்ந்தபோது சுண்ணக்கட்டி ஒடிந்தது.

ஆறு மணிக்கு முதலாளி வந்தபோது பெரும்பாலான உருளைகள் நின்றே கிடந்தன. பின்னால் வாயிற்கதவு இழுத்துச் சாத்தப்படும் ஓசை கேட்டது. முதலாளியின் கையில் நீலக் குறித் துணி.

"இதுல யார் குறின்னு இருக்கு. மத்தவங்க ஏன் வம்புல மாட்டிக்கிறீங்க?"

"என்னுது மஞ்சள் சார். பலகையில தொங்குது, எடுத்துக்கங்க," என்றாள் ஏழாம் உருளைக்காரி.

"எங்களுது சிவப்பு," என்றது இன்னொரு ஜோடி.

"இன்னைக்கே எல்லாரையும் வெளிய அனுப்ப எனக்கு எவ்வளவு நேரமாகும்னு தெரியுமா?" அப்போதும் அவர் குரல் உயரவில்லை. போனை எடுத்து யாருக்கோ எண்ணை அழுத்தினார்.

மடிப்பு அறை வாசலில் ஆலோசகர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. வட்டத்தில் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். பையைத் திறந்து அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை எடுத்தார். முதலாளியைப் பார்த்தபடியே ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தாள் அவர் மடியில் இருந்தது. யாரிடமும் கொடுக்கவில்லை, திரும்ப உள்ளேயும் வைக்கவில்லை.

அண்ணி விரிப்பை உதறிக் கொடுத்தாள். ஓரம் பட்டுக் கம்பி சாய்ந்தது. மூன்றாம் உருளை நின்றது. அதுதான் கடைசி, மற்ற எட்டும் அதற்கு முன்பே நின்றிருந்தன. அந்தக் கூரையின் கீழ் அவர்கள் ஒருநாளும் கேட்டிராத நிசப்தம். ஆலையின் மறுகோடியில் நின்ற கொதிகலன்காரர் சாதாரணக் குரலில்தான் கேட்டார். எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணி, வட்டம்மா மடியில இருக்கிற அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா படிங்க."